சிவப்புச் சோடாப் பெட்டி

எங்கள் சுபாங் ஜெயா வீட்டு வாசலில் செருப்பு போடுவதற்கென்று ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சோடாப் பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஷூ ரேக் வாங்குலா" என்கிறார்கள். எட்டு வயதில், அதைக் கவிழ்த்து ஏறி நின்றால்தான் எனக்கு மைக் எட்டும். ஏறினால் கிறீச்சிடும். டப்பிங் டைரக்டர் அங்கிள் தம் பழைய கைலியை நாலாக மடித்து அதன்மேல் விரிப்பார். "பெட்டி பேசக்கூடாது, நீதான் பேசணும்" என்பார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். அப்போது நாங்கள் குடியிருந்த பண்டமாரானிலிருந்து அம்மா என்னை ரயிலில் அழைத்துப் போவார். போர் நடக்கும் ஊரில் பெற்றோரை இழந்த ஓர் அக்காளும் தம்பியும் படும் பாட்டைச் சொல்லும் கார்ட்டூன் படம் அது. அதைத் தொலைக்காட்சிக்காகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். பொதுவாகப் பிள்ளைகளின் குரலைப் பெரிய பெண்களே பேசிவிடுவார்கள். இந்தப் படத்தில் அது பொய்யாகிவிடும் என்று அங்கிள் பிடிவாதம் பிடித்து, பள்ளிக் கதைப் போட்டியில் வாய் ஓயாமல் பேசிய என்னைத் தேடிப் பிடித்தார். அதோடு அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. நான் அக்காளுக்குப் பேசவும் வேண்டும், அவளுக்கு நடந்தது எனக்குத் தெரியவும் கூடாது. காட்சிகளை முன்பின்னாக மாற்றிக் காட்டுவார். குண்டு விழும் இடத்தில் திரையை அணைத்துவிட்டு, "இடி இடிக்குது, தம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்பார். எனக்கு அது அக்கா தம்பி ஊர் சுற்றும் படம், அவ்வளவுதான்.

கடைசியாக, தம்பி இறந்துபோகும் காட்சி வந்தது. படத்தை வாங்கிய நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். வெளியே உட்கார்ந்திருந்த அம்மா, காதில் விழுந்ததை வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னார்.

"தம்பி செத்துட்டான்னு சொல்லிடுங்க அங்கிள். பிள்ளை தானா அழும்லா. இல்லன்னா வேற டைரக்டரைப் பார்க்க வேண்டி வரும்."

"பாருங்க மேடம். பிள்ளைங்க அழக்கூடாதுன்னு எடுத்த படத்துக்கு நான் ஒரு பிள்ளையை அழ வைக்க மாட்டேன்."

அந்தப் படத்தை விட்டால் அந்த வருடம் அவர் கையில் வேறு வேலை இல்லையாம்.

இது எதுவும் தெரியாமல் நான் பெட்டியில் ஏறினேன். திரையில் முதுகைக் காட்டியபடி அக்காளும், தம்பிமேல் குனிந்திருந்த ஒரு கிழவியும் தெரிந்தார்கள். "தம்பி தூங்குற மாதிரி நடிக்கிறான். வீட்டுல உன் தம்பியை எப்படி எழுப்புவ? அப்படி எழுப்பு" என்றார் அங்கிள். என் தம்பி தினமும் பள்ளிக்கு டிமிக்கி கொடுக்கப் பார்ப்பவன். எனக்குச் சொல்லியா தர வேண்டும்? "டேய், எந்திரிடா! நடிக்காத, இமை ஆடுது பாரு!" என்று சிரித்துக்கொண்டே கத்தினேன். முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "எந்திரிச்சிட்டானா அங்கிள்?" என்று கேட்டேன்.

அங்கிள் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "எந்திரிச்சிட்டாம்மா" என்றார். மேடமும் அவரும் கீழே போய் எனக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

படம் ஒளிபரப்பான அன்று அம்மா டிவியைப் போடவே இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தை மூடியபோது அங்கிள் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகன் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தி அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவைத்தார். போன வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். செத்துக் கிடக்கும் பிள்ளையை என் குரல் சிரித்துச் சிரித்து எழுப்புகிறது. பிறகு அக்கா கிழவியைக் கேட்கிறாள்: "எந்திரிச்சிட்டானா?" நான் கேட்டதை அங்கிள் அப்படியே விட்டிருந்தார். 'அங்கிள்' என்ற சொல்லை மட்டும் வெட்டியிருந்தார். என்னை ஏமாற்றிவிட்டாரே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. ஆனால் அந்தப் பொய்யால்தானே நான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பின்னால் ஏதோ கிறீச்சிட்டது. என் மகள் செருப்புகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியை உள்ளே இழுத்து வந்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எட்டு வயது. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ தெரியவில்லை.

"அந்தத் தம்பி எந்திரிச்சிட்டானா மா?"

"எந்திரிச்சிட்டாம்மா."

"பொய் சொல்லாதீங்க மா. உங்க போன்ல சண்டை வீடியோல வர்ற பிள்ளைங்களும் எந்திரிக்கறதே இல்ல."

அவள் அழவில்லை. அந்தப் பெட்டிமேல் அன்று அங்கிள் என்னை அழ விடாத அழுகையை நான்தான் அழுதேன்.