பீரோ மேலிருந்த புலியும் என் ஒட்டுப்போர்வையும்

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் ஒரு புலி குடியிருந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மடிந்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு படுத்திருக்கும். அப்பா சவுதியிலிருந்து போன முறை வந்தபோது கொண்டுவந்த கம்பளி அது. அறந்தாங்கிப் பக்கத்தில் எந்த வீட்டு ஆண் வெளிநாட்டில் இருக்கிறார் என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை; பீரோவின் மேல் ஒரு பார்வை பார்த்தால் போதும். புலி இருக்கும், இல்லாவிட்டால் மயில், அதுவும் இல்லாவிட்டால் முறம் அகலத்துக்கு ஒரு ரோஜாப்பூ.

அதை யாரும் போர்த்தியதில்லை. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்திப் படுத்தால் அவித்த கிழங்காகத்தான் எழுந்திருக்க முடியும். விருந்தாளி வந்தால் அம்மா அதை இறக்கி ஜிப்பை ஒரு சாண் திறப்பாள். வந்தவர்கள் கையை விட்டுத் தடவி, "ஆத்தாடி, பூனைக்குட்டியத் தொட்ட மாதிரில்ல இருக்கு!" என்பார்கள். ஜிப் மூடப்படும். தரிசனம் முடிந்தது, அடுத்த ஆள் வரலாம்.

புலி எங்களுடையதும் அல்ல. அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். அவள் கல்யாணத்தில் சீர்த்தட்டுகளோடு புலியும் போகும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா அத்தையைப் பார்த்த நேரம் குறைவு, புலியைத் தடவிய நேரம் அதிகம். "இது எப்ப நம்ம வீட்டுக்கு வரும்?" என்று அவர் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து, பீரோவைக் கடக்கும்போதெல்லாம் அத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

அந்தப் புலியின் காதை வெட்டியவன் நான்.

எனக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். வேண்டாமென்று போட்ட பொருளைக் கொண்டு உபயோகமான ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டும். மற்ற பிள்ளைகள் விவரமானவர்கள். தண்ணீர்ப் பாட்டிலை வெட்டிப் பேனா ஸ்டாண்டு, கொட்டாங்கச்சியில் குரங்கு என்று முடித்துக்கொண்டார்கள். நான் அம்மாவின் போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துப் போர்வையாக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: துணியைச் சதுரமாக வெட்ட வேண்டும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வீடியோ பதினோரு நிமிடம் ஓடியது. ஆகவே வேலைக்கும் பதினோரு நிமிடம் போதும் என்று முடிவுகட்டி இரண்டு வாரம் விளையாடப் போய்விட்டேன்.

துணிக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தார். வீட்டுக்கு வந்து கொட்டிய பிறகுதான் தெரிந்தது, ஜாக்கெட் வெட்டும்போது கீழே விழும் துண்டுகளில் சதுரம் என்ற ஒன்றே கிடையாது. கழுத்து வெட்டில் விழுந்த அரைநிலா, கைக்குழியில் விழுந்த பிறை, எதிலும் சேராத கோணல்கள். அந்த அம்மாள் ஊரில் பெண்கள் எல்லாம் சதுரமாக இருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு, கிடைத்ததைக் கிடைத்தபடி தைக்க ஆரம்பித்தேன்.

முதல் வரிசைக்கு ஒரு சனிக்கிழமை போயிற்று. ஊசியில் நூல் கோர்க்கவே அரை மணி நேரம். எச்சில் பட்டுப்பட்டு நூல் ஊறியதே தவிர ஓட்டைக்குள் போகவில்லை. விரலில் குத்து வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, துணியை மடியில் வைத்துத் தைத்து முடித்தேன். சாப்பிட அம்மா கூப்பிட்டாள். எழுந்தேன். போர்வையும் கூடவே எழுந்தது. வரிசை முழுவதையும் என் ட்ராயரோடு சேர்த்துத் தைத்திருந்தேன்.

"அண்ணி, இங்கிட்டு ஓடியாங்க! ஒங்க மகன் பாவாட கட்டியிருக்கான்!" என்று அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே கத்தரிக்கோலால் என்னை விடுதலை செய்தாள். அந்த ட்ராயருக்கு அதன்பின் நல்ல காற்றோட்டம்.

நான்கு வரிசை ஆயிற்று. இனி நடு அடுக்கு. முதலில் என் தலையணையைக் கிழித்தேன். உள்ளே இலவம் பஞ்சு. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பஞ்சு என்னைவிடச் சீக்கிரம் கவனித்துவிட்டது. சாமி படத்தில் பஞ்சு, சாம்பாரில் பஞ்சு, என் மூக்கில் பஞ்சு. அம்மாவிடம் வாங்கியதை இங்கே எழுதத் தேவையில்லை. மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் தரையில் மல்லாந்து தும்மிக்கொண்டிருந்தபோது மேலே பார்த்தேன். புலியின் ஒற்றைக்கண் என்னையே பார்த்தது. எவ்வளவு தடிமன்! எவ்வளவு மெத்து!

மடித்துக் கிடப்பதில் உள்மடிப்பு யார் கண்ணில் படப்போகிறது என்பது என் கட்சி. ஸ்டூல் போட்டு இறக்கி, உள்ளே ஒரு மூலையில் படமே இல்லாத பழுப்பு இடமாகப் பார்த்து, தையல் அக்காவிடம் இரவல் வாங்கிவைத்திருந்த பெரிய கத்தரியால் வெட்டினேன். கம்பளி மடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மடிந்ததை வெட்டினால் ஒரே வெட்டு இரண்டு இடத்தில் விழும் என்பது தெரியாது. கையில் இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று வெறும் பழுப்பு. இன்னொன்றில் ஒரு காது.

காது வெட்டுப்பட்ட புலி அப்போதும் அதே கண்ணால்தான் பார்த்தது. மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். இரண்டு துண்டுகளையும் என் போர்வைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அப்பா கல்யாணத்துக்காக லீவில் வந்தார். வந்த இரண்டாம் நாள் மத்தியானம், தட்டில் வைத்தால் புலி முகம் மேலே தெரிகிற மாதிரி மடித்துப் பார்க்கலாம் என்று அத்தைதான் கம்பளியை இறக்கினாள். இரண்டு கையாலும் உயரத் தூக்கி விரித்தாள். காது இருந்த இடத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியாக அத்தையின் முகம் தெரிந்தது.

"எலி கடிச்சிருக்குண்ணே," என்றாள், குரலே இல்லாமல்.

"எலி என்ன கத்தரிக்கோலு வெச்சா கடிக்கும்?" என்றாள் அம்மா. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வீட்டில் வேறு எலி கிடையாது.

அத்தை என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவுக வீட்ல எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்காங்கண்ணே. இப்ப இல்லேன்னு எப்படிப் போய் நிப்பேன்?" என்று கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள். அம்மாவின் கை விளக்குமாறு இருக்கும் மூலைப்பக்கம் நீண்டது.

"இரு," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "வெட்டுன துண்டு எங்கடா?"

போர்வையைக் கொண்டுவந்து நீட்டினேன். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"நீயா தச்ச?"

"ஆமாப்பா."

"என்ன தையல்டா இது, நண்டு நடந்த மாதிரி?" என்றவர், அம்மாவிடம், "சின்ன ஊசி ஒண்ணு எடு. கருப்பு நூலு, பழுப்பு நூலு. ஒரு மெழுகுவத்தி, ஒரு பழைய பிரஷ்ஷு," என்றார்.

"கரண்டு இருக்கே, மெழுகுவத்தி எதுக்குங்க?" என்று அம்மா கேட்டு வாய் மூடவில்லை, கரண்டு போய்விட்டது. ஆனால் அப்பா அதைக் கொளுத்தவில்லை. நூலை மெழுகின் மேல் இரண்டு தரம் இழுத்தார். விறைத்து நின்ற நூல் முதல் தடவையே ஊசிக்குள் போயிற்று. எச்சில் இல்லை, ஒற்றைக் கண்ணை மூடவில்லை. ஒரே கையில், இரண்டு விரலை உருட்டி, முடிச்சு போட்டார். நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

அதுவரை அப்பா என்றால் எனக்குப் பெட்டி, சென்ட் வாசனை, சாக்லேட், போனில் ஒரு குரல். ஊசி பிடித்த அப்பாவை யார் பார்த்தது? என் போர்வையைப் பிரித்துக் காதை எடுத்தார். கம்பளியைக் குப்புறப் போட்டு, பின்பக்கமாகக் காதை ஓட்டையில் பொருத்தி, எறும்பு வரிசை போலத் தைத்துக்கொண்டே போனார். பிறகு திருப்பி, தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் நீவினார். தையல் காணாமல் போயிற்று. சத்தியமாகக் காணாமல் போயிற்று. எங்கே வெட்டினேன் என்று வெட்டிய எனக்கே தெரியவில்லை. அத்தை விரலால் தடவித் தேடினாள், முகத்தை அருகில் கொண்டுபோய்த் தேடினாள், கடைசியில் அழுகையும் சிரிப்புமாக, "அண்ணே, நீ என்ன மந்திரவாதியா?" என்றாள்.

பழுப்புத் துண்டையும் அதனிடத்தில் வைத்துத் தைத்த பிறகு, குடலை உருவிய கோழி போலக் கிடந்த என் போர்வையைக் கையில் எடுத்தார். "நடுவுல வைக்க ஒரு பழைய சேல குடு." அம்மா அடுப்படித் துணியாகக் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அப்பா அதை மடித்து வைத்து, போர்வையின் நட்டநடுவில் ஊசியை இறக்கினார்.

"ஓரத்துலேருந்துதானேப்பா தைக்கணும்?" என்றேன், துறை வல்லுநன் என்ற முறையில்.

"ஓரத்துலேருந்து வந்தா நடுவுல பொம்மிக்கும். அது வழியா காத்து பூந்துரும்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அங்கதான். ரூமுல எல்லாரும் தச்சுக்குவோம்."

"எத?"

அப்பா ஒரு சாண் தைத்துவிட்டுச் சொன்னார். "போர்வதான்."

"அங்க வெயிலுதானப்பா அடிக்கும்?" என்றேன் நான்.

"ஏசிடா. விடியவிடிய ஓடும். பல்லு தந்தியடிச்சுரும்."

நான் மலைத்துப்போனேன். எங்கள் ஊரில் ஏடிஎம் ஒன்றில்தான் ஏசி இருந்தது, அதுவும் பாதி நாள் ஓடாது. அம்மா மட்டும் அப்பாவைப் பார்த்தாள், மடிந்து கிடந்த கம்பளியைப் பார்த்தாள். "அப்ப இந்தப் புலியெல்லாம்?" என்றாள்.

"அது ஊருக்குக் கொண்டாறது," என்றார் அப்பா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அம்மா எழுந்து போனாள். வெகுநேரம் கழித்து வந்தபோது கையில் பச்சைக் கண்டாங்கிச் சேலை இருந்தது, கோயிலுக்குக் கட்டிப்போவது. போர்வைக்குள் இருந்த அடுப்படித் துணிக்குப் பதிலாக வைக்கச் சொல்லி அதை நீட்டினாள்.

"அம்மா, அது நல்ல சேல! வேஸ்ட்டுலதான் செய்யணும், மிஸ் ஒத்துக்க மாட்டாங்க!" என்று கத்தினேன்.

"பழசுதான். சும்மா இரு," என்றாள், என்னைப் பார்க்காமல். அப்பாவும் தைத்ததைப் பிரித்து, அடுப்படித் துணியை உருவிப் போட்டுவிட்டு, மறுபடி நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

கல்யாணத்தன்று சீர்த்தட்டுகளோடு புலி போயிற்று. மாப்பிள்ளையின் பெரியம்மா நேராக வந்து காதைத்தான் தடவினார். "அசல் புலி!" என்றார். அத்தை மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. "யார் தச்சது?" என்று மிஸ் கேட்டபோது, "கோணலா இருக்கற நாலு வரிசை நான் மிஸ், மத்ததெல்லாம் எங்கப்பா," என்றேன். முதல் பரிசு கொட்டாங்கச்சிக் குரங்குக்கு.

லீவு முடிந்து அப்பா கிளம்பும்போது பெட்டிக்குள் அந்தப் போர்வையை வைத்தார். ஒரு முறுக்கைக்கூட விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மா, பெட்டி மூடாததைப் பார்த்ததும் தானே முறுக்கு டப்பாவை வெளியே எடுத்தாள். போர்வையை இன்னொரு முறை மடித்து வைத்து, பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் இன்னும் திருச்சியைத் தாண்டியதில்லை. என் நண்டு நடந்த தையல் விமானத்தில் போகிறது!

பொங்கலன்று அப்பா வீடியோ காலில் வந்தார். காதை மூடும் மங்கிக் குல்லா போட்டு, என் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். "நல்லாக் காட்டுங்கப்பா!" என்று கத்தினேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துக் காட்டினார். இரும்புக் கட்டில், அதற்கு மேல் இன்னொரு கட்டில், அட்டை வைத்து ஒட்டியும் காற்றில் படபடக்கும் ஜன்னல், அவ்வளவுக்கும் நடுவில் எங்கள் தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் பளபளத்தன. என் கோணல் வரிசைகள் சரியாக அவர் தாடைக்குக் கீழே இருந்தன.

"ஏசி ரொம்பவாப்பா?"

"ஆமாடா. இன்னிக்கு ரொம்ப," என்றார். அம்மா திரையில் போர்வை இருந்த இடத்தை விரலால் தொட்டாள், வீடியோ கால் கட்டாகிவிட்டது.

தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன், எங்கப்பா ரூமில் இருக்கும் ஏசி மாதிரி உலகத்திலேயே கிடையாது என்று. அவ்வளவு பெரிய ஏசியை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வீடியோவில் தெரியவில்லை. அட்டை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.