318-த

எங்கள் சலவைக் கடையில் மையக்காவை ஏமாற்றிய துணி கிடையாது. ஏமாற்ற நினைத்த மனிதர்கள் உண்டு. அவர்கள் பாடு அவர்களோடு. நான் இஸ்திரி மேசை, அவர் குறி மேசை. பதினோரு வருஷமாக எதிரெதிரே நிற்கிறோம். வந்து விழும் துணிக்கெல்லாம் அழியாத மையால் குறி போடுவது அவர் வேலை. விரல் நுனியில் அந்தக் கறுப்பு எப்போதும் இருக்கும். அதனால்தான் மையக்கா.

குறி என்றால் முதலில் வீட்டு எண், அதற்குப் பின்னால் ஓர் எழுத்து. எண்ணைக் கடை கொடுக்கும், எழுத்தை அக்கா கொடுப்பார். வீட்டுக்காரருக்கு க, மனைவிக்கு ச, பிள்ளைகளுக்கு ட, த என்று போகும். விருந்தாளி துணிக்கு ஃ. செத்துப்போனவருடைய எழுத்தை அந்த வீட்டில் வேறு யாருக்கும் தரமாட்டார், முதலாளியே சொன்னாலும். "எண் வீட்டைத்தான் காட்டும் தம்பி, வாலுதான் ஆளைக் காட்டும்" என்பார். 105-ஆம் வீட்டிலிருந்து நாலு மாதம் விடாமல் ஃ வந்தபோது, "இது விருந்தாளியா, வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டவர் அவர். அடுத்த மாதமே அந்த வீட்டில் கல்யாணம்.

கடைக்கு வெளியிலும் அதே கண்தான். 27-ஆம் எண் பஸ் வந்தால் பின்னால் ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஏறமாட்டார். ஒரு தடவை 27-ஏ அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டதாம். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்றிருந்தால், "கூட என்னத்தக் கலந்திருக்கான்?" என்று மருந்துக்கடைக்காரரைக் குடைவார். எங்கள் கடைப் பலகையில் 'அண்ட் சன்ஸ்' என்று இருக்கிறது. முதலாளிக்கு இரண்டும் பெண்கள். அந்தப் பலகையை அக்கா இன்றுவரை நம்பவில்லை. வழக்கமாக "பாரு" என்கிற வாடிக்கையாளர் திடீரென்று "பாருங்க" என்றால், அந்த 'ங்க'வுக்குப் பின்னால் போகாத கறை ஒன்று இருக்கிறது என்று மூட்டையைத் தலைகீழாகக் கொட்டுவார். பெரும்பாலும் இருக்கும். அதுதான் வம்பே.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்ததும் இப்படித்தான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வருஷம் அவருடைய சட்டைகளைப் பார்த்தவர் அக்கா. 318-ட. பையில் பஸ் டிக்கெட் தவிர ஒன்றும் இருக்காது. சிகரெட் ஓட்டை இல்லை, அந்நிய வாசனை இல்லை. அப்புறம்தான் பேச்சு எடுத்தார். கல்யாணம் முடிந்த வாரம், மகளுடைய சுடிதாரின் கழுத்துக்கு உள்பக்கம் 318-த என்று எழுதிவிட்டு, அந்த மை காயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

ஏழாவது மாதம் 'த' நின்றுபோனது.

முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் நான் வேறு மூட்டையில் சேர்த்துவிட்டேன் என்று என் மேல் பாய்ந்தார். மூன்றாம் வாரம் 318-ஆம் மூட்டையில் க இருந்தது, ச இருந்தது, ட இருந்தது. அவ்வளவுதான். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கிறவ எதுக்கு இவ்வளவு அவசரமா வைக்கிறா?" என்றார் அக்கா. "ஒண்ணு அவளக் கையால துவைக்க விட்டிருக்காங்க. இல்ல, அவ அந்த வீட்டுலயே இல்ல. வண்டிய எடு."

மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அக்காவின் சந்தேகம் பலித்துப் பலித்தே என்னையும் கெடுத்து வைத்திருந்தது.

மாடி வீடு. படியேறியதும் வெளித் தாழ்வாரத்துக் கொடியில் மகளுடைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா மணியை அடிக்கவில்லை, நேரே கொடிக்குப் போனார். சுடிதாரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். 318 பளிச்சென்று இருந்தது. பின்னால் எழுத்து இருந்த இடத்தில் துணி நைந்து, இழை இழையாகத் தெரிந்தது.

"பாத்தியா தம்பி? எம்பொண்ணோட எழுத்தயே அழிச்சிருக்காங்க" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த மாமியார், "வாங்க சம்பந்தி, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றார். அக்கா, ஈரக் கையோடு வந்த மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் என்ன நினைத்தாரோ, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

"யாருடி உன்னத் துவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் துவைக்கிறேன்."

"எழுத்த அழிச்சது?"

"அதுவும் நாந்தான். பிரஷ் போட்டுத் தேச்சேன். லேசுல போகவே இல்ல."

"எதுக்குடி?"

மகள் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பட்டன் ஒண்ணு அறுந்திருந்தா யாரு இழுத்தாங்கன்னு போன் பண்ற. ஒரு செட்டு குறைஞ்சா வாங்கித் தரலையாங்கிற. போன மாசம் என் தலகாணி உறையில கண்மை இருந்துச்சுன்னு அவருக்கே போன் போட்டு, எம்பொண்ணு ஏன் அழுதான்னு கேட்ட. சண்டை போட்டது நிஜம். அன்னிக்கு ராத்திரியே சரியாப் போச்சும்மா. நீ கேட்டப்புறம் அவரு மூணு நாள் எங்கிட்டப் பேசல. உங்கம்மா எப்பவும் நம்ம ரூமுக்குள்ளயே நிக்கிறாங்கன்னாரு. நான் என்ன பதில் சொல்ல?"

அக்கா பிடித்திருந்த கைகளை விட்டார்.

"துணிய அனுப்புறேன். எழுத்து மட்டும் வேண்டாம். 318 போதும். எது யாருதுன்னு எங்களுக்குத் தெரியும்மா."

மாமியார் கொண்டுவந்த தண்ணீரை அக்கா ஒரே மூச்சில் குடித்தார். திரும்பும் வழியில் ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை 318-ஆம் மூட்டை வந்தது. முன்பைவிடப் பெரிசு. நேற்று எடுத்ததுபோல ஒரு புதுச் சுடிதார் முடிச்சிலேயே எட்டிப் பார்த்தது. அக்கா மூட்டையை அவிழ்க்காமல் என் மேசைக்குத் தள்ளினார், மைக்குப்பியையும் சேர்த்து.

"இத நீயே எழுதிடு. எண்ணு மட்டும்."

"நீங்களே எழுதலாமேக்கா. எழுத்துப் போடாம விட்டாப் போச்சு."

"எழுத்துப் போடாம இருந்துடுவேன்" என்றார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு. "பாக்காம இருக்கத்தான் எனக்கு வராது."

பிறகு அடுத்த வீட்டு மூட்டையை இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தார்.