அத்தையின் கழுத்தில் ரோமச் சக்கரவர்த்தி

என் மாமியாரின் கழுத்தில் தாலியோடு ஒரு வெள்ளிக் காசும் கிடந்தது. கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் அவருடைய அப்பாவுக்குக் கிடைத்ததாம். தட்டானிடம் கொடுத்து வளையம் பற்றவைத்து, கல்யாணத்தில் மகளுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் இலைமுடி சூடிய ஆண் முகம். மறுபக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவர் அர்ச்சியசிஷ்டவர், அவள் மாதா என்பதில் எங்கள் பாலக்கரை வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்தப் புனிதர் என்பதில் மட்டும் அத்தைக்கும் மாமாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் காசு கறுப்புக் கயிற்றில் ஏறும். தெருவில் யாருக்காவது பிரசவம் என்றாலும் கேட்டு வாங்கிப் போவார்கள். திரும்பி வர ஒரு நாள் தாமதமானால் அத்தையே அவர்கள் வாசலில் போய் நின்றுவிடுவார்; கைக்கு வந்ததும் முத்தமிட்டுத்தான் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

நான் வரலாறு படித்தவள். கல்யாணமான முதல் வாரம், அத்தை குனிந்து இட்லி வைக்கும்போது முகத்துக்கு நேரே ஆடிய காசைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஏசுநாதரைச் சிலுவையில் அறைந்தபோது ரோமை ஆண்டுகொண்டிருந்த சக்கரவர்த்தி. மிளகு வாங்கக் கப்பலேறி வந்த ரோமக் காசுகளில் அவன் முகம் நிறைய உண்டு. அந்தப் பெண்ணை அவனுடைய அம்மா என்பார்கள். மாமியாரின் புனிதரைப் பிடுங்கிவிட்டு அந்த வீட்டில் எந்த மருமகளும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழங்காசுக் கண்காட்சி வைத்தார்கள். வேண்டாம் என்று ஜாடையாகச் சொல்லியும் அத்தை கூடவே கிளம்பிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் தன் அர்ச்சியசிஷ்டவரைக் கண்டதும் சந்தோஷமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, ஏசு காலத்து ரோமச் சக்கரவர்த்தி என்று கீழே இருந்த குறிப்பைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குத் திரும்பி வந்தோம். இறங்கியதும், “உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார்.

“தெரியும் அத்தை.”

“நல்லவதான்,” என்றார். அது பாராட்டு இல்லை. வீட்டுக்கு வந்ததும் காசைக் கழற்றி பீரோவுக்குள் போட்டுவிட்டார். காசில்லாத அவருடைய கழுத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நாத்தனாருக்கு அப்போது நிறைமாதம். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலி நீண்டுகொண்டே போனது. டாக்டர் முகமும் சரியில்லை. ஊரார் பிரசவத்துக்கெல்லாம் கொடுத்த காசு தனக்கு மட்டும் இல்லையா என்று அவள் அழுதாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அத்தை என்னைப் பார்த்தார். அந்த அதிகாரக்காரி பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆட்டோ பிடித்துப் போய் காசோடு திரும்பி வந்தார். மகள் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு குனிந்து, காசைப் பார்த்து, வேலைக்காரனை அதட்டும் குரலில் சொன்னார்:

“அன்னைக்கு அங்க சும்மா உட்கார்ந்திருந்தல்ல, இன்னைக்காவது ஒரு நல்லது பண்ணு.”

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது. அந்த நிமிஷம் அத்தையை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மதியத்துக்குள் பேரன் பிறந்தான். காசு மறுபடி அத்தையின் கழுத்துக்கு ஏறியது. இப்போது நாத்தனாரிடம் இருக்கிறது. அவள் தினமும் அதை முத்தமிடுகிறாள். அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அத்தை ஒருநாளும் முத்தமிட்டதில்லை. சாகும்வரை அவனிடம் வேலை மட்டும் வாங்கினார்.