மண் மூடிய ஐரிஸ்

என் அக்கா பூங்காவில் தோட்டக்காரி. அங்கே பூப்பதெல்லாம் சம்பளத்துக்குப் பூப்பது என்பாள். அவளுடையது என்று சொல்ல வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு ஐரிஸ் பூப்பாத்தி. அம்மாவுக்குப் பாட்டி கொடுத்து, அம்மா இவளுக்குக் கொடுத்த கிழங்கு. மேலே மூன்று இதழ்கள் புகை நிறத்தில் நிமிர்ந்து நிற்கும், கீழே மூன்று கருநீலமாகத் தொங்கும். கிட்டே போனால் பழுத்த திராட்சை வாசம். இன்றைய ரகங்களோடு பார்த்தால் பூ சின்னதுதான், ஆனால் அந்த வாசம் எதிலும் கிடையாது. நர்சரிக்காரர் ஒரு துண்டு கேட்டு நடையாய் நடந்தார். எனக்கே கொடுக்காதவள் அவருக்கா கொடுப்பாள்? அந்த விஷயத்தில் அவள் மகா கஞ்சம். அதனால் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறதோ, எங்களுக்குத் தெரிந்து அந்தப் பாத்தியில்தான் இருந்தது.

திடீரென்று வயிற்றில் ஆபரேஷன் என்று ஆகி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அத்தான்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் கொத்தனார். விரிசல் கண்டால் பூசுவார், பள்ளம் கண்டால் நிரப்புவார், கை சும்மா இருக்காது. ஐரிஸ் கிழங்கு மண்ணுக்கு மேலே முதுகைக் காட்டி வெயில் காய வேண்டும், மூடினால் அழுகிவிடும். அது தெரியாமல், மண் அரித்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நல்ல மண்ணாகக் கொண்டுவந்து கொட்டி, பூச்சுக் கரண்டியால் தட்டி, மட்டம் பார்த்து, தினமும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். மட்டம் பார்த்தாராம். நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது.

வீடு திரும்பியதும் அக்கா நேரே பாத்திக்குத்தான் போனாள். இலைகள் சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடித்தாள். அழுகல் நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது.

"உங்க அத்தானைக் கத்தி எடுத்துட்டு வரச் சொல்லு," என்றாள் என்னிடம். அத்தான் அவள் பக்கத்தில்தான் நின்றார்.

தையல் இருக்கிறது, குனியக் கூடாது. அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். அத்தான் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி எடுத்து வெட்டினார்.

"உள்ள பழுப்பா இருக்கு, தூக்கிப் போடச் சொல்லு. ஒரு பொட்டு அழுகல் இருந்தாலும் மிச்சத்தையும் தின்னுடும்."

நான் தபால்காரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். வாளி நிறைந்தது, பாத்தி காலியானது. கடைசியாக ஒரே ஒரு கிழங்கு. நுனியில் சின்ன முளை.

"வெட்டச் சொல்லு."

வெட்டினார். பழுப்பு. இன்னும் கொஞ்சம் வெட்டினார். பழுப்புதான். அடுத்த வெட்டில் வெள்ளை தெரிந்தது. ஆனால் பயந்து போன மனிதருக்குக் கை நிற்கவில்லை. கத்தி முளையை நோக்கிப் போனது.

"போதும். விடுங்க."

அக்கா அவரைப் பார்த்தே சொன்னாள்.

கட்டைவிரல் அளவுத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அத்தான் தலை குனிந்தார். "ஆஸ்பத்திரில உன்னைப் பாக்க உள்ள விடல. இங்க வந்தா இதுவும் ஒண்ணும் போத்திக்காம கிடந்துச்சு. மனசு கேக்கல."

அக்காவுக்குக் கண் நிறைந்தது.

"வெயில்ல காயட்டும், அப்புறம் நடலாம்," என்றாள். "முதல்ல என்னைப் பிடிங்க. எழுந்திருக்க முடியல."

அத்தான் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மண் அப்பிய கையைச் சட்டையில் துடைத்தார். போதாதென்று மறுபடியும் துடைத்தார்.

"பரவாயில்ல, வாங்க," என்றாள் அக்கா.