வாகை மரத்தின் காளானும் எஸ்தரின் வலது கையும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, செத்துப்போன தங்கையின் மகளோடு ஐந்து. ஐந்து பேரையும் ஒரு வாரியலை வைத்தே வளர்த்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருசம் பெருக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நாலு நாளாக. எழுதினதைப் படித்துக் காட்டப் பேத்தி ஜெனி இருக்கிறாள். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

என் வேலையில் குறை சொன்னவர்கள் கிடையாது. நான் பெருக்கின தரையில் சோற்றைப் போட்டுத் தின்னலாம் என்று பெரிய டீச்சரே சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்றுதான் சொல்லுவோம். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

பள்ளிக்கூட வாசலுக்கு நேரே ஒரு வாகை மரம். இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். தாழ்ந்த கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கும். அதுதான் பள்ளிக்கூட மணி. அடிப்பவள் எஸ்தர். என்னைவிட நாலு வயது இளையவள். வாய் கொஞ்சம் அதிகம்.

ஒரு வருசம் ஐப்பசி மழை முடிந்ததும் மரத்தின் பின்புறம், அடியிலிருந்து ஒரு முழத்துக்குள், காளான் முளைத்தது. குடைக் காளான் இல்லை. மரத்தில் பலகை அடித்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தட்டு. மேல்பக்கம் வார்னிஷ் பூசியதுபோல் செம்பழுப்பாக மின்னும். ஓரம் மட்டும் வெள்ளை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அதிலிருந்து மூக்குப்பொடி நிறத்தில் தூள் உதிரும். இன்று பெருக்கினால் நாளைக் காலையில் தரையெல்லாம் பொடியாகக் கிடக்கும்.

எஸ்தருக்குச் சிரிப்பு. “யக்கா, மரம் பொடி போடுது. அதுக்கும் ஒரு கைக்குட்டை வாங்கிக் குடுங்க.”

“சிரிக்காதட்டி. நாளைக்கே சுரண்டி எறியுதேன் பாரு.”

“அய்யோ, சுரண்டாதிய. எங்க அப்பா விறகுக் கடையில இருந்தாவல்லா, இது முளைச்சா மரம் உள்ள செத்துட்டுன்னு சொல்லுவாவ. மரம் பாக்க ஆள் வருதாமே, அவர் பாக்கட்டும்.”

ஆள் வருவது உண்மைதான். தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பெரிய டீச்சர் வரச் சொல்லியிருந்தார்கள். வெட்ட வேண்டிய மரத்தில் அவர் சிவப்புப் பெயிண்டால் குறி போடுவார்.

அவர் வருகிற வாரம் எஸ்தர் மகளின் பிரசவத்துக்காக விக்கிரமசிங்கபுரம் போய்விட்டாள். வெளி ஆள் வருகிறார், வாசல் மரமே அழுக்காக நிற்கலாமா என்று எனக்கு. முந்தின நாள் கொத்தனார் கரண்டியால் மூன்று தட்டையும் நெம்பி எடுத்தேன். எடுத்த இடம் வட்ட வட்டமாகத் தழும்புபோல் தெரிந்தது. ஆண்டு விழாவுக்கு வாங்கின சுண்ணாம்பும் காவியும் மீதி இருந்தன. எல்லா மரத்துக்கும் இடுப்பளவு அடித்து முடித்தேன்.

அவர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் மரச்சுத்தியல். வாகையைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

“சத்தம் ஒரு மாதிரி இருக்கு. ஏம்மா, நீங்கதான இங்கன பெருக்குதது? அடியில தட்டுத் தட்டா காளான் எதுவும் பாத்தியளா?”

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார்கள்.

“என் கைபட்ட இடத்துல காளானா சார்?” என்றேன்.

பெரிய டீச்சர் சிரித்தார்கள். “அவங்க சுத்தம் அப்படி சார்.” அவரும் சிரித்தார். “அப்போ இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்” என்று குறி போடாமல் அடுத்த மரத்துக்குப் போனார். அன்று முழுவதும் நான் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

ஆனிக் காற்று வந்தது. ஒரு நாள் காலை, முதல் மணி. பிள்ளைகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் இரும்புத் தடியை ஓங்கித் தண்டவாளத்தில் ஓர் அடி அடித்தாள். இரண்டாவது அடி விழவில்லை. மரம் அடியோடு முறிந்து அவள் பக்கம் சாய்ந்தது. வலது தோளிலிருந்து முழங்கை வரை நசுங்கிவிட்டது.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு முறிந்த இடத்தைப் பார்த்தேன். பட்டையை ஒட்டி நாலு விரல் கனம்தான் மரம். உள்ளே முழுவதும் வெளுத்து, டீயில் ஊறின ரஸ்க்போல இருந்தது. விரல் வைத்தேன், உள்ளே போனது.

மரம் பார்த்தவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். “நல்ல மரம்னு நீருதான வே சொன்னீரு?” என்று வாட்ச்மேன் சட்டையைப் பிடிக்கப் போனார். அவர் குனிந்து, அடிக்கட்டையில் இருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். மூன்று வட்டம் தெரிந்தது. ஒன்றின் ஓரத்தில் புதிதாக வெள்ளைக் குமிழ் கிளம்பியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“காளானைச் சுரண்டுனா போவாதும்மா. அது உள்ள இருந்துல்லா மரத்தைத் தின்னுது. வெளிய தெரிஞ்சது அது விட்ட காய் மாதிரி.”

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு போனார். பிறகு அந்தப் பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிடவே இல்லை. போன வருசம் அவர் இறந்துபோனதாகக் கேள்வி.

எஸ்தருக்கு அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது. ஊரிலிருந்து திரும்பி வந்து சுண்ணாம்பைப் பார்த்தவள், அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு நான் அடித்ததாக நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் முன்னால் என் வீட்டுக்கு வருவாள். நான்தான் தலை சீவி விடுவேன். “காளானைக் கண்ணால பாத்துட்டும் நல்ல மரம்னு சொல்லிட்டுப் போனானே, அவன் வெளங்குவானா யக்கா” என்பாள். நான் சிக்கெடுத்துக்கொண்டே இருப்பேன். இத்தனை வருசத்தில் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளே, எது புதிதாக முளைத்தாலும், கசிந்தாலும், உதிர்ந்தாலும் உடனே துடைத்துவிடாதீர்கள். ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் பெருக்குங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஏட்டி ஜெனி, இதை எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எஸ்தர் தலை சீவ வருவா. அவ முன்னாலயும் நீதான் படிக்கணும். அந்த மனுசன் கேட்டதுக்கு நான் சொன்ன பதில் வருதுல்லா, அந்த இடத்தை மட்டும் பைய படி.