நான்கு விரல் நேரம்

கேள்வி கேட்டால் பவதாரணி உடனே வாய் திறக்க மாட்டாள். வலக்கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வரும். சுண்டுவிரலைத் தொட்ட பிறகுதான் பதில்.

"கடலுக்கு அடியில கெடக்குற மிசினோட பேசுவாளாம். நாம கேட்டா மட்டும் ஊமை" என்று ஜீப்பின் பின்னாலிருந்து அன்னக்கொடி அக்கா வம்புக்கு இழுப்பார். நான் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன். லீவில் வந்தால் என் தங்கை பவதாரணி முன்சீட்டில் ஏறிக்கொள்வாள்.

ஆழ்கடல் தரையில் கிடக்கும் கருவிகள் பதிந்து வைத்த நில அதிர்வுகளை ஒலியாக மேலே வரவழைப்பது அவள் வேலை. ரேடியோ அலை தண்ணீருக்குள் அவ்வளவு தூரம் போகாது. கப்பலிலிருந்து ஒலி இறங்க இரண்டு நொடி, பதில் ஏறிவர இரண்டு நொடி. அந்த நான்கு நொடிதான் விரல்களில் ஒட்டிக்கொண்டது. மூன்று கிலோமீட்டர் ஆழம் என்று நான் சொன்னால், "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது மீட்டர்ண்ணே" என்று திருத்துவாள். இப்போது நானும் எல்லோரிடமும் அப்படியே சொல்கிறேன். எட்டாவதோடு நின்ற எனக்கு இது புரியாமல் இல்லை. போடிமெட்டு வளைவுகளில் ஹாரன் அடித்துவிட்டு எதிர் ஹாரனுக்குக் காதைத் தீட்டிக் காத்திருப்பவர்கள்தானே நாங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவில் அவள் போன் அடித்தது. "நிறுத்துண்ணே, இங்கதான் டவர் இருக்கு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்; கப்பலிலிருந்து கூட வேலை பார்க்கும் ராம்பிரசாத். பதினான்கு மாதங்களுக்கு முன் அவள் இறக்கிய கருவி பதில் சொல்கிறது, ஆனால் எல்லாம் குழம்பி வருகிறது. மாலையில் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த பயணம் வரை கருவியின் பேட்டரி தாங்காது.

"பவரை ஃபுல்லா வச்சாச்சு மேடம்."

நான்கு விரல்கள். "கொறைங்க சார். கத்தினா எதிரொலியும் சேர்ந்து கத்தும். வேகத்தையும் கொறைங்க. விட்டு விட்டு வரட்டும்."

"அப்பப் பாதிகூட வராதே?"

நான்கு விரல்கள். "வர்றது தெளிவா வரட்டும். நிலநடுக்கம் வந்த வாரத்த மொதல்ல கேளுங்க."

"வெரசா வண்டிய எடுப்பா! நேரமானா கங்காணி அரைநாள் கூலியாக்கிருவான்" என்றார் அன்னக்கொடி அக்கா. "செத்த பொறுக்கா" என்றேன். தங்கையின் முகத்தைப் பார்த்திருப்பார்; சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடம் ஒருவரும் இருமக்கூட இல்லை.

போன் அடித்தது. "அந்த வாரம் முழுசா வந்துருச்சு மேடம்!"

"எடுக்கட்டுமா" என்று நான் கேட்டு முடிக்குமுன் "எடுண்ணே" என்றாள். கை மடியில் விரிந்தபடியே கிடந்தது.