முதலில் பிறந்த ஆறு

என் அக்கா தெக்சிப்பாவின் கணவர் மோகியாஸ் ஆடு மேய்ப்பவர். தேவர்களில் யாருக்கு யார் பிறந்தார்கள் என்பதை முழுதாகப் பாடத் தெரிந்தவர். முதலில் வெறுமை, பிறகு பூமி, அவள் பெற்ற வானம், அவ்விருவருக்கும் பிறந்த பேராறு, அதன் பிள்ளைகளான ஆறுகள். மந்தைக்குப் பின்னால் நடந்தபடியே பாடுவார். நடுவில் ஓர் ஆடு வழிதவறினால் அதைப் பிடித்து வந்துவிட்டு, வெறுமையிலிருந்தே மறுபடி ஆரம்பிப்பார்.

"விட்ட எடத்துலேர்ந்து பாடினா என்னவாம்? வெறுமை எங்கயும் ஓடிடாது" என்பாள் அக்கா.

"அம்மா பேரு வராம புள்ள பேரு எனக்கு வராதுடி" என்பார்.

ஆசோப்போஸ் ஆற்றின் விழாவில் வருடாவருடம் பாட்டுப் போட்டி. பரிசு, மூன்று கால் வெண்கலக் கொப்பரை. ஜெயித்தால் அதை மலைச் சுனையில் பாட்டுத் தேவதைகளுக்கு வைப்பதாக அத்தான் நேர்ந்திருந்தார். இரண்டு முறை தோற்றார். அவர் போகும் நாட்களில் மந்தையைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அண்ணன், மூன்றாம் முறை கிளம்பியபோது, ஆடு பார்ப்பது இதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பினார்.

அந்த முறை அக்காவோடு நானும் போனேன். நாங்கள் கழுதையைக் கட்டிக்கொண்டிருந்தபோது விழாத் தலைவர் ஆந்திமெனஸ் வந்தார்.

"என்னய்யா மோகியாஸ், இந்த வருஷமும் நூறு பேருக்கு அப்புறந்தான் எங்க ஆறு பொறக்குமா?"

"பொறந்த வரிசை அப்படிங்க."

"நீதான் பிரசவம் பாத்தியோ? இது எங்க ஆத்துச் சாமியோட விழா. அவன முதல்ல பாடு. கொப்பரை உனக்குத்தான்."

அவர் நகர்ந்ததும் அக்கா சொன்னாள்: "பாடிட்டுத்தான் போங்களேன். உங்க சொத்தா கொறஞ்சிடப் போவுது?"

அத்தான் பார்லி அடையை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

அரங்கில் கோலைப் பிடித்து நின்று, ஆற்றை முதலில் பாடினார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. வழக்கப்படி ஆற்றின் பேருக்கு ஒயினைத் தரையில் ஊற்றினார்கள். அடுத்து ஆற்றின் அப்பனைச் சொல்லவேண்டும். சொன்னார். அப்பனுக்கு அப்பன், அவனுக்குத் தாய். பின்பக்கமாக நடப்பவரைப் போல ஒவ்வொரு பேராகத் தடவித் தடவிப் பூமிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து முன்னால் வந்தார். வந்தால், ஏற்கெனவே பிறந்துவிட்ட அதே ஆறு மறுபடி பிறக்கக் காத்திருந்தது. அதைத் தாண்டி அவருக்கு ஒரு பேரும் வரவில்லை.

"ரெட்டைப் புள்ளடா" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

அத்தான் கோலைத் தரையில் தட்டி, "முதலில் வெறுமை" என்று மறுபடி தொடங்கினார். அதற்குள் பலிக் காளையின் இறைச்சியைப் பங்குபோட ஆரம்பித்துவிட்டார்கள். குதிரைகளைப் பற்றிப் பாடிய ஒருவனுக்குக் கொப்பரை போயிற்று.

நாங்கள் ஆற்றைக் கடக்கும் துறை விழா நடந்த ஊருக்கு வெகு தூரம் மேலே இருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் அத்தான் வாயைத் திறந்தார். வெறுமையிலிருந்து தொடங்கி, யாரையோ திட்டுவதுபோல, ஒரு பேர் விடாமல் பாடிக்கொண்டே போனார்.

"இத அங்க பாடியிருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"நீதானே ஆத்த முதல்ல பாடச் சொன்ன" என்று சொல்லிவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். பாட்டு நடுவில் நின்றுவிட்டதால் மறுபடி வெறுமையிலிருந்து.

ஆசோப்போஸின் பேர் வரிசையில் வந்தபோது நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தோம். அத்தான் நிறுத்தவில்லை. அடுத்த ஆற்றுக்குப் போய்விட்டார். அக்கா தோல்பையில் மிச்சமிருந்த ஒயினைக் கவிழ்த்தாள்.

"குடி" என்றாள் ஆற்றிடம். "அடுத்த வருஷம் இவரு மறுபடி பாடக் கெளம்பினா எங்க ஆட்ட யாரு பாப்பா? நீ வந்து மேய்ப்பியா?"